எழுதி வாங்க முடியாதது

பூந்தமல்லி,
ஞாயிறு மாலை

அன்புள்ள சரவணனுக்கு,

சித்தி எழுதுகிறேன். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த தாளை நிதானமாகப் படித்தேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ஷிப்ட் முடிந்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் பஸ்ஸுக்கு நின்றபடி கேட்டுக்கொள்கிற விஷயம் இல்லை இது. எழுதினால் ஆற அமரப் படிப்பாய். அந்தப் பெண்ணுக்கும் காட்டலாம். காட்டு என்றே சொல்வேன்.

இதை என்னிடம் கேட்டதற்காகக் கூச்சப்படாதே. வீட்டில் ஒருத்தி வக்கீலாக இருப்பது சொத்துப் பத்திரம் பார்க்க மட்டும் இல்லை. இருபத்தேழு வயசுப் பையன் இந்தச் சந்தேகத்தை அம்மாவிடம் கேட்க முடியாது, அப்பா முன்னால் வாய் திறக்க முடியாது. மிச்சம் இருப்பது கூட வேலை பார்க்கிறவர்களும் டீக்கடையும்தான். அங்கேதான் உனக்கு இந்த யோசனையும் கிடைத்திருக்கிறது: "எதுக்கும் எழுதி வாங்கி வச்சுக்கோ மச்சான், நாளைக்குக் கேஸ்னு போனா கைல ஆதாரம் இருக்கும்." நண்பன் ஒருவன் டைப்பிங் சென்டரில் அடித்தும் கொடுத்துவிட்டான். இருவரும் முழு மனதோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் உடலுறவுக்குச் சம்மதிக்கிறோம்; பின்னாளில் இது குறித்துக் காவல் நிலையத்திலோ நீதிமன்றத்திலோ ஒருவர் மீது ஒருவர் புகார் தர மாட்டோம். கீழே இரண்டு பெயர், இரண்டு ஆதார் எண், சாட்சிகளுக்கு இடம்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதில் கையெழுத்துப் போடாதே. அவளையும் போடச் சொல்லாதே.

உன் பயம் எனக்குப் புரிகிறது. நாம் எதையும் எழுதி வாங்கிப் பழகியவர்கள். பதினொரு மாத வாடகை ஒப்பந்தம், கைமாற்றுக்குப் புரோநோட்டு, சீட்டுக்கு நோட்டு. புருஷன் பெண்டாட்டி சண்டை மகளிர் காவல் நிலையத்துக்குப் போனால்கூட "இனிமே அடிக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போ" என்றுதான் முடித்து அனுப்புகிறார்கள். அப்படி எழுதிக் கொடுத்துவிட்டு அதே வாரத்தில் அடித்தவர்களின் மனைவிமார் என்னிடம் வருவார்கள். பைக்குள் அந்தத் தாளின் ஜெராக்ஸ் பத்திரமாக இருக்கும். ஆகவே தாளின் மேல் உனக்கு இருக்கும் நம்பிக்கையை நான் குறைவாகப் பேசவில்லை. இந்த விஷயத்தில் அது ஏன் செல்லாது என்பதையும், செல்லாது என்பதைவிடப் பெரிதாக அதில் என்ன தப்பு இருக்கிறது என்பதையும் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் சட்டம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 23-ஆம் பிரிவு என்று ஒன்று. ஒழுக்கத்துக்கும் பொதுநலனுக்கும் விரோதமான ஒப்பந்தம் செல்லாது என்கிறது. அதை விளக்கச் சட்டத்துக்குள்ளேயே உதாரணங்கள் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒன்று, தன் மகளை இன்னொருவனுக்கு வைப்பாக வாடகைக்கு விட ஒப்புக்கொள்வது. அந்த ஒப்பந்தம் செல்லாது. கல்லூரியில் அந்த வரியை முதன்முதலில் படித்தபோது எனக்கு வயிற்றைப் புரட்டியது. ஆனால் அன்றைய காலத்து மொழியில் அது சொல்ல வந்த விஷயம் சரியானது: ஒருவர் உடம்பை இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்க முடியாது. உன் தாளின் முதல் பாதியும் 23-இல் விழுகிறது, புகார் தர மாட்டோம் என்ற பாதியும் அதே 23-இல் விழுகிறது; குற்றப் புகாரை ஒப்பந்தம் போட்டு அடைப்பது பொதுநலனுக்கு விரோதம்.

பாலியல் வன்முறை சமூகத்துக்கே எதிரான குற்றம். வழக்கு நடத்துவது அரசு. பாதிக்கப்பட்டவள் கையெழுத்துப் போட்டுத் தந்தாலும் அது கரைந்துபோகாது. 2015-இல் நம் சென்னை உயர் நீதிமன்றமே ஒரு தண்டனைக் கைதிக்கு, பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரசம் பேசட்டும் என்று ஜாமீன் கொடுத்தது. கடலூர்ப் பக்கத்து வழக்கு. குற்றம் நடந்தபோது அவள் சிறுமி. நாடே கொதித்தது. ஜூலை முதல் தேதி, வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட குற்றத்தில் சமரசத்துக்கு இடமே கிடையாது என்று கடுமையாகச் சொன்னது. அந்த மாதத்திலேயே சென்னை உத்தரவும் திரும்பப் பெறப்பட்டது. குற்றம் நடந்த பிறகு எழுதிக் கொடுப்பதற்கே இந்தக் கதி என்றால், நடப்பதற்கு முன்னாலேயே "புகார் தர மாட்டேன்" என்று எழுதிக் கொடுப்பதற்கு என்ன மதிப்பு இருக்கும்?

உன் நண்பன் இதைக் கற்பனையில் கண்டுபிடித்திருக்க மாட்டான். 2024-இல் மும்பையில் ஒரு வழக்கு செய்தியில் வந்தது. 46 வயது ஆண், 29 வயதுப் பெண். அவர் திருமணம் செய்வதாகச் சொல்லி ஏமாற்றினார் என்று அவள் புகார். அவர் நீதிமன்றத்தில் ஏழு ஷரத்து கொண்ட ஒரு 'சேர்ந்து வாழும் ஒப்பந்தத்தை' நீட்டினார். பாலியல் புகார் தரக்கூடாது என்று ஒரு ஷரத்து. அவள் கர்ப்பமானால் அவர் பொறுப்பல்ல என்று இன்னொன்று. அதில் இருப்பது தன் கையெழுத்தே இல்லை என்றாள் அவள். செஷன்ஸ் நீதிமன்றம் அவருக்கு முன்ஜாமீன் கொடுத்தது. செய்தியைப் பார்த்தவர்கள் "பாத்தியா, பேப்பர் காப்பாத்திடுச்சு" என்று எடுத்துக்கொண்டார்கள். முன்ஜாமீன் என்றால் கைதுக்கு முன் கிடைக்கும் ஜாமீன், அவ்வளவுதான். குற்றம் செய்தாரா இல்லையா என்பதை அது தீர்ப்பதில்லை. அந்த ஷரத்துகளை மறுபடி படித்துப் பார். இரண்டு பேர் சேர்ந்து எழுதிய தாள் மாதிரியா இருக்கிறது? ஒருவருக்கு எந்தப் பொறுப்பும் வரக்கூடாது என்று ஒருவரே உட்கார்ந்து எழுதிய தாள். உன் தாளிலும் அவளுக்கென்று ஒரு வரி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

இப்போது சம்மதம் என்றால் சட்டம் என்ன சொல்கிறது என்று பார். 2024 ஜூலை முதல் நாம் பாரதிய நியாய சன்ஹிதாவின் கீழ் இருக்கிறோம். அதன் 63-ஆம் பிரிவு, சம்மதம் ஐயத்துக்கு இடமில்லாததாக, தானாக முன்வந்ததாக இருக்க வேண்டும் என்கிறது. சொல்லாலோ, சைகையாலோ, வேறு எந்த விதத்திலோ அவள் தெரிவித்ததாக இருக்க வேண்டும். அதோடு, 'குறிப்பிட்ட அந்தச் செயலுக்கு' என்றும் சொல்கிறது. போன மாதத்துச் செயலுக்கோ பொதுவாக உன்னோடு இருப்பதற்கோ தந்த சம்மதம் அதில் வராது. எதிர்த்துப் போராடவில்லை என்பதை மட்டும் வைத்துச் சம்மதம் என்று முடிவு கட்டக்கூடாது என்றும் அங்கேயே இருக்கிறது.

இந்த வரிகள் சும்மா வரவில்லை. 1972-இல் மகாராஷ்டிரத்தில் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்துக்குள் மதுரா என்ற பழங்குடிச் சிறுபெண்ணைப் போலீஸ்காரர்கள் பலாத்காரம் செய்ததாக வழக்கு. உடம்பில் காயம் இல்லை, கூச்சல் போடவில்லை, ஆகவே சம்மதம்தான் என்று 1978-இல் உச்ச நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. மறு வருஷம் உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார் உள்ளிட்ட நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அடங்கிப்போவதும் சம்மதிப்பதும் ஒன்றா என்று கேட்டார்கள். அந்தக் கடிதத்திலிருந்து கிளம்பிய போராட்டத்தில் 1983-இல் சட்டம் திருத்தப்பட்டது. டெல்லி மாணவி கொடுமைக்குப் பிறகு, வர்மா குழு அறிக்கையை ஒட்டி, 2013-இல் இன்னொரு முறை மாறியது. 'குறிப்பிட்ட அந்தச் செயலுக்கு' என்ற வார்த்தைகள் அப்போது வந்தவை. ஒரு பெண்ணின் பழைய உறவுகளை வைத்து இன்றைய சம்மதத்தை அளக்கக்கூடாது என்று சாட்சியச் சட்டத்திலும் அப்போதே எழுதினார்கள். நாற்பது வருஷப் போராட்டம் இது. உன் தாள் அதற்கு நேர் எதிர்த் திசையில் நடக்கிறது. செவ்வாய்க்கிழமை போட்ட கையெழுத்தைக் காட்டி வெள்ளிக்கிழமைக்கும் சம்மதம் என்று வாதாடப் பார்க்கிறது.

வெள்ளிக்கிழமை அவளுக்கு உடம்பு முடியாமல் இருக்கலாம். காரணமே இல்லாமல் வேண்டாம் என்று தோன்றலாம். பாதியில் வலிக்கலாம், பயம் வரலாம், மனம் மாறலாம். அந்த நேரத்தில் "எழுதிக் குடுத்தியே" என்று நீ சொல்லக்கூடியவன் இல்லை என்று நம்புகிறேன். ஆனால் நீ சொல்லவே வேண்டியதில்லை. தாள் பீரோவில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தாலே போதும். 'வேண்டாம்' என்ற வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிடும். மெய்யான சம்மதத்துக்கு வேண்டிய ஒரே நிபந்தனை, வேண்டாம் என்று சொல்லப் பயமில்லாமல் இருப்பதுதான். அந்தப் பயத்தைத் தாள் வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்கிறது. அவள் மேல் உனக்கு நம்பிக்கை இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. இரண்டும் அவள் மனசில் பதிந்த பிறகு கிடைக்கும் கையெழுத்தை எதற்குச் சம்மதம் என்று சொல்வாய்?

இதை நான் ஊகத்தில் சொல்லவில்லை. இந்த மாதிரித் தாள் ஒன்று ஏற்கெனவே நம் நாட்டில் இருக்கிறது, சரவணா. திருமணப் பதிவுச் சான்றிதழ்.

17-ஆம் நூற்றாண்டில் மேத்யூ ஹேல் என்று இங்கிலாந்தில் ஒரு நீதிபதி. மனைவி திருமண ஒப்பந்தத்தின் வழியாகத் தன்னைக் கணவனுக்குக் கொடுத்துவிட்டாள், அதை அவள் திரும்பப் பெற முடியாது, ஆகவே கணவன் மனைவியைப் பலாத்காரம் செய்தான் என்ற குற்றமே கிடையாது என்று எழுதி வைத்தார். அவர் இறந்து அறுபது வருஷம் கழித்து, 1736-இல் புத்தகமாக வந்த கருத்து அது. 1860-இல் நம் இந்திய தண்டனைச் சட்டத்துக்குள் நுழைந்தது. அவருடைய நாடே 1991-இல் அதைக் கைவிட்டுவிட்டது. நாம் விடவில்லை. 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மனைவிக்குப் பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும் என்ற அளவுக்கு மட்டும் திருத்தியது. 2022 மே 11 அன்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ராஜீவ் ஷக்தர் இந்த விலக்கு அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றார். உடன் இருந்த நீதிபதி ஹரி சங்கர் இல்லை என்றார். விஷயம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2024-இல் வந்த புதிய சட்டமும் அதே விலக்கை வைத்துக்கொண்டுதான் வந்தது.

விளைவு என்ன என்று என்னைக் கேள். என்னிடம் வரும் பெண்கள் ஜீவனாம்சம் என்று ஆரம்பிப்பார்கள், நகையை அடகு வைத்துவிட்டான் என்பார்கள், மாமியார் கதை சொல்வார்கள். பலமுறை வந்து பழகிய பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, பிரசவம் ஆகி வந்த புதிதிலேயே விடவில்லை என்றோ, குடித்துவிட்டு வரும் நாட்களில் என்ன நடக்கும் என்றோ சொல்வார்கள். "இதையெல்லாம் கேஸ்ல சொல்ல முடியுமா மேடம்? புருஷன்தானே?" என்று அவர்களே கேட்பார்கள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாலியல் கொடுமையும் அடக்கம், பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம் என்று சொல்வேன். கேட்டுக்கொண்டு, வேண்டாம் என்று போகிறவர்கள்தான் அதிகம். ஒரு தடவை போட்ட கையெழுத்து ஆயுசு முழுக்கச் சம்மதம் என்று ஊரும் சட்டமும் சேர்ந்து நம்பினால் என்ன நடக்கும் என்பதை இதற்கு மேல் எப்படிச் சொல்வது? உன் நண்பன் டைப் அடித்த தாளும் அந்தக் குடும்பத்தில் பிறந்ததுதான்.

நம் வீட்டிலேயே வேறு மாதிரி ஒப்பந்தமும் நடந்திருக்கிறது. உன் தாத்தா ஆவடி டாங்கி பாக்டரியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் செய்துகொண்டது சுயமரியாதைத் திருமணம். பெரியார் வழியில் அதை வாழ்க்கை ஒப்பந்தம் என்றே சொல்வார்கள். 1967-இல் அண்ணா ஆட்சியில் சட்டமும் வந்தது: இருவருக்கும் புரிகிற மொழியில், உன்னைத் துணையாக ஏற்கிறேன் என்று நாலு பேர் முன்னால் சொல்லி மாலை மாற்றினால் போதும். புரோகிதர் வேண்டாம், கன்னிகாதானம் வேண்டாம். பெண்ணை யாரும் யாருக்கும் தானம் கொடுப்பதில்லை என்பதுதான் அதன் உயிர். சமமான இருவர், ஒருவரை ஒருவர் ஏற்பதாக ஊரறியச் சொல்வது. அந்த ஒப்பந்தத்தை நான் மதிக்கிறேன். உடம்பின் மேல் உரிமைச் சாசனம் எழுதிக்கொடுக்க அது சொல்லவில்லை.

எழுத்துக்குப் பதில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருந்தாய். அதைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. பொள்ளாச்சியை மறந்துவிட்டாயா? 2019-இல் வெளியே வந்த வழக்கு. வீடியோதான் அங்கே ஆயுதம். அதை வைத்து மிரட்டியே பெண்களைத் திரும்பத் திரும்பச் சீரழித்தார்கள். 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும் வரை ஆயுள் தண்டனை கொடுத்தது. நீ அப்படிப்பட்டவன் இல்லை. ஆனால் போன் தொலையும், ரிப்பேருக்குப் போகும், கூட இருக்கிறவன் எடுத்துப் பார்ப்பான். படம் எடுக்கச் சம்மதித்தவள் அதைப் பிறருக்கு அனுப்பச் சம்மதித்ததாக ஆகாது, அனுப்பினால் குற்றம் என்று சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவே சொல்கிறது. தவிர, கேமரா முன்னால் "ஆமாம்" என்று சொல்லச் சொன்னால், அந்த 'ஆமாம்' கேமராவுக்குச் சொன்னதாகத்தான் இருக்கும்.

வெளிநாட்டிலும் இந்த ஆசை வந்து பார்த்தாயிற்று. 2021-இல் டென்மார்க்கில் ஓர் ஆப் வந்தது, பட்டனைத் தட்டினால் 24 மணி நேரத்துக்குச் சம்மதம். அதே வருஷம் ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலப் போலீஸ் கமிஷனர் இப்படி ஒரு ஆப் வேண்டும் என்று சொல்லப்போய், மிரட்டித் தட்ட வைத்தால் என்ன செய்வாய் என்று எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் அந்த மாநிலம் ஆப்பை விட்டுவிட்டுச் சட்டத்தைத் திருத்தியது. சம்மதம் இருக்கிறதா என்று சொல்லாலோ செயலாலோ கேட்டு அறிந்துகொள்ள வேண்டும் என்பது 2022 ஜூனிலிருந்து அங்கே சட்டம். ஸ்வீடனும் 2018-இலேயே அந்த வழிக்கு வந்துவிட்டது.

ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். உனக்கு இது தேவைப்படாது, ஆனால் அந்தத் தாளை டைப் அடித்துக் கொடுக்கும் உன் நண்பன் இன்னும் எத்தனை பேருக்குக் கொடுப்பானோ தெரியாது. பெண்ணுக்குப் பதினெட்டு நிறையவில்லை என்றால் அவள் சம்மதத்துக்குப் போக்சோ சட்டத்தில் இடமே இல்லை. அப்போது அந்தத் தாள், பையன் தன் கையாலேயே எழுதித் தந்த குற்ற ஒப்புதல். அவனிடம் சொல்.

இனி உன் பயத்துக்கு வருகிறேன். நாளைக்கு மனஸ்தாபம் வந்து கேஸ் போட்டுவிட்டால்? கேட்க வேண்டிய கேள்விதான். வயது வந்த இருவர் கல்யாணமில்லாமல் சேர்ந்திருப்பது குற்றமல்ல. நடிகை குஷ்பு 2005-இல் ஒரு பேட்டியில் சொன்ன கருத்துக்காகத் தமிழ்நாடு முழுக்க இருபதுக்கு மேல் வழக்குப் போட்டார்கள். துடைப்பமும் செருப்பும் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். 2010 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் அத்தனையையும் ரத்து செய்தபோது இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. உன்னை மாதிரி ஆண்கள் நிஜமாகவே மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. சன்ஹிதாவின் 69-ஆம் பிரிவு. கல்யாணம் செய்துகொள்ளும் எண்ணமே இல்லாமல், செய்துகொள்கிறேன் என்று சொல்லி உறவு வைத்தால் பத்து வருஷம் வரை சிறை.

இதில் நீதிமன்றங்கள் முதலில் பார்ப்பது இதைத்தான்: வாக்குக் கொடுத்த அன்றைக்கு உன் மனசில் என்ன இருந்தது? 2019-இல், பழைய சட்டத்தின் கீழ், உச்ச நீதிமன்றத்துக்கு இரண்டு வழக்கு வந்தது. சத்தீஸ்கர் வழக்கில், அவனுக்கு வேறு பெண் நிச்சயமாகியிருந்தது, ஆரம்பத்திலிருந்தே இவளைக் கட்டும் எண்ணம் இல்லை என்று கண்டு குற்றத்தை உறுதி செய்தார்கள். மகாராஷ்டிர வழக்கில், சாதி வேறு, கல்யாணம் நடப்பது கஷ்டம் என்று அவன் முன்னாலேயே சொல்லியிருந்தான். அதற்குப் பிறகும் உறவு தொடர்ந்தது. பொய்யான வாக்கும் நிறைவேற்ற முடியாமல் போன வாக்கும் வேறு வேறு என்று வழக்கை ரத்து செய்தார்கள். இரண்டையும் பிரித்தது அவன் எண்ணமும், அது அவளுக்கு முன்னாலேயே தெரிந்ததா இல்லையா என்பதும்தான்.

ஆகவே உன்னை நேராகக் கேட்கிறேன். அவளைக் கட்டிக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா? "இருக்கு சித்தி, ஆனா அம்மா ஒத்துக்க மாட்டாங்க" என்று நீ இழுப்பது எனக்குக் கேட்கிறது. என்ன சாதி என்று உன் அம்மா கேட்பாள், எனக்கும் தெரியும். அந்த 'ஆனா'வை அவளிடம் சொன்னாயா? சொல்லவில்லை என்றால் அதுதான் முதல் வேலை. அம்மாவை எதிர்த்து நிற்க உனக்குத் தைரியம் இருக்கிறதா இல்லையா என்பதை அவள் இன்றைக்கே தெரிந்துகொண்டு, அதன் பிறகு தன் முடிவை எடுக்கட்டும். அதை மறைத்துவிட்டு வாங்கும் எந்தக் கையெழுத்தும் உன்னை 69-இலிருந்து காப்பாற்றாது. மறைக்காமல் சொன்னால் கையெழுத்துக்குத் தேவையும் இருக்காது.

அப்புறம் கேட்பது. "ஒவ்வொரு தடவையும் கேட்டா நல்லாவா இருக்கும்?" என்கிறாய். ஏன் நல்லா இருக்காது? நம் சினிமா மூன்று தலைமுறையாக, அவள் முறைத்தால் உள்ளுக்குள் ஆசை, பேசாமல் இருந்தால் சம்மதம் என்று பையன்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறது. கேட்கிறவன் ஆம்பளை இல்லை என்ற நினைப்பு அங்கிருந்து வந்தது. பிடிச்சிருக்கா, நிறுத்தட்டுமா, இன்னைக்கு வேண்டாமா என்று கேட்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. வாய் ஆமாம் என்றாலும் உடம்பு விறைத்துக்கொண்டால் நிறுத்து. பதில் இல்லை என்றால் நிறுத்து. குடித்திருந்தால் வேண்டவே வேண்டாம். என்ன நடக்கிறது என்று புரியாத போதையில் தந்த சம்மதத்தைச் சம்மதமாகச் சட்டம் எடுத்துக்கொள்ளாது. அவள் வேண்டாம் என்று சொன்ன பிறகு நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், அடுத்த முறை அவள் சொல்லும் 'சரி' உன் முகத்துக்குப் பயந்து சொன்னது. உனக்கும் இது பொருந்தும். உனக்கு இஷ்டமில்லாத நாளில் நீயும் சொல்லலாம். ஆண் என்றால் எப்போதும் தயாராக இருக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. பழைய 377-ஆம் பிரிவைப் புதிய சட்டம் மொத்தமாக விட்டுவிட்டதால், வயது வந்த ஆணுக்கு இப்படி ஒரு கொடுமை நடந்தால் சொல்லிக்கொள்ளச் சரியான பிரிவுகூட இல்லை. அது பெரிய குறை.

ஆணுறைக்கு நீ பொறுப்பு. அதை அவள் தலையில் கட்டாதே. கிழிந்துவிட்டால் அவசரக் கருத்தடை மாத்திரை, டாக்டர் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று விதி இருந்தும், நம் ஊர் மருந்துக் கடைகளில் கேட்டால் இல்லை என்பார்கள், ஒரு மாதிரியும் பார்ப்பார்கள். அந்தப் பார்வையை வாங்கிக்கொள்ள வேண்டியவன் நீ. மீறிக் கரு நின்றுவிட்டால், அதை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது அவள் முடிவு. கல்யாணமாகாத பெண்ணுக்கும் சட்டப்படி கருக்கலைப்பு உரிமை சமம் என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கணவன் பலாத்காரத்தால் உண்டான கருவையும் அந்தச் சட்டத்துக்கு மட்டும் பலாத்காரக் கருவாகவே கொள்ள வேண்டும் என்றும் அதே தீர்ப்பில் சொன்னார்கள். மும்பைக்காரர் எழுதிய 'நான் பொறுப்பல்ல' என்ற ஷரத்து எவ்வளவு கேவலம் என்று இப்போது புரிகிறதா?

எழுதத்தான் வேண்டும் என்றால் எழுத வேண்டியவை இருக்கின்றன. திருமுல்லைவாயிலில் வீடு பார்க்கிறீர்கள் என்றாயே, வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு பேர் பெயரும் இருக்கட்டும். அட்வான்ஸில் யார் எவ்வளவு போட்டார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். அவளிடம் பைக்குக்கு வாங்கிய பணத்துக்கு எழுதிக் கொடு. பணம் இன்றைக்கும் நாளைக்கும் ஒரே தொகைதான், அதனால் தாளில் நிற்கும். நாளைக்குப் பிரிந்தாலும் அவள் தன் பங்கோடு தலைநிமிர்ந்து வெளியே போக அது உதவும். அப்படிப் போக முடியும் என்று தெரிந்த பெண் சொல்லும் சம்மதத்தில் சந்தேகமும் குறைவு.

அந்த வரைவில் அவள் ஆதார் எண் இருக்கிறது. நண்பன் போனிலும் டைப்பிங் சென்டர் கம்ப்யூட்டரிலும் அது கிடக்கிறது. இரண்டு இடத்திலும் நின்று அழிக்க வை. அவளுக்குத் தெரியாமல் அவள் பெயரை இப்படி ஒரு தாளில் ஏற்றியதை நீயே அவளிடம் சொல்லிவிடு. கோபப்பட்டால் கேட்டுக்கொள்.

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அவள் யாரிடமாவது கேட்க நினைத்தால் என்னிடம் வரச் சொல்லாதே. நான் உன் சித்தி, உன் பக்கம் சாய்வேன் என்று அவள் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவசமாக வக்கீல் கொடுப்பார்கள். 15100-க்குப் போன் போட்டால் வழி சொல்வார்கள். பெண்கள் உதவி எண் 181. இரண்டையும் அவளிடம் கொடு. உன் அம்மாவிடம் பேச நான் எப்போது வர வேண்டும் என்று மட்டும் எனக்குச் சொல்.

அன்புடன்,
சித்தி